கட்டுப் பிரித்த பிறகு: சர்க்கரைக்காரர் காலில் புண் ஏன் திரும்பி வருகிறது

"புண்ணு ஆறியாச்சுல்லா மக்கா, இனி என்னத்துக்கு இந்தச் செருப்பு?"

காலில் சர்க்கரைப் புண் வந்து ஆறிய பெரியவர் இருக்கும் வீட்டில், நாகர்கோவிலானாலும் மார்த்தாண்டமானாலும், இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மாதக்கணக்கில் கட்டுப் போட்டு வாசற்படி தாண்டாமல் கிடந்தவருக்கு, தோல் மூடியதும் ஜெயிலிலிருந்து வெளியே வந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் எண்ணிக்கை அவர் பக்கம் இல்லை. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2017-ல் வெளியான கணக்குப்படி, கால் புண் ஆறியவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு ஒரே வருடத்துக்குள் மறுபடி புண் வருகிறது. மூன்று வருடத்தில் அது 60 சதவீதம், ஐந்து வருடத்தில் 65. அதனால்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் 'குணமாகிவிட்டது' என்று சொல்லத் தயங்குகிறார்கள். புற்றுநோய்க்குச் சொல்வதைப் போல, 'இப்போதைக்குத் தணிந்திருக்கிறது' என்கிறார்கள்.

புண் எதனால் வந்ததோ அந்தக் காரணம் கட்டோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடவில்லை. மரத்த நரம்பு மரத்தபடியே இருக்கிறது, வளைந்த விரல் வளைந்தபடியே இருக்கிறது. போதாக்குறைக்கு, புதிதாக மூடிய தோல் பழைய தோல் அல்ல. தழும்பு எத்தனை மாதம் முற்றினாலும் அசல் தோலின் வலுவில் 80 சதவீதத்தைத்தான் எட்டும். உள்ளங்காலுக்கு அடியில் மெத்தை போல இருந்த கொழுப்பும் அந்த இடத்தில் இறுகிப் போயிருக்கும். முன்பு எலும்புக்கும் தரைக்கும் நடுவே இருந்த பாதுகாப்பு இப்போது அங்கே பாதிதான். மறுபடி புண் வர யாருக்கு வாய்ப்பு அதிகம் என்று கேட்டால், முதல் பதில் 'ஏற்கெனவே ஒருமுறை வந்தவருக்கு' என்பதுதான்.

மூடியது என்பதற்கும் ஓர் அளவு உண்டு. தோல் முழுதும் மூடி, கசிவே இல்லாமல், இரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை பார்த்தபோதும் அப்படியே இருக்க வேண்டும். பொருக்குக் கட்டியிருப்பது மூடியது ஆகாது. மஞ்சள் பொடியோ வேறு ஏதாவது பொடியோ தூவிக் காயவைத்த புண் பல நேரம் இந்த ரகம்தான்: மேலே காய்ந்து நன்றாகத் தெரியும், உள்ளே சீழ் தன் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட புண் இரண்டு மாதம் கழித்து 'திரும்பி வந்தது' என்று சொல்வதே தப்பு. அது போகவே இல்லை.

எல்லாப் பழியையும் சீனி மேல் போட்டுவிடுவதில் ஒரு வசதி இருக்கிறது. மாத்திரையைக் கூட்டினால் வேலை முடிந்தது என்று தோன்றும். சீனி முக்கியம்தான். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி 7.5-க்கு மேலே இருப்பவர்களுக்குப் புண் அதிகம் திரும்பி வருவதாக ஆய்வு இருக்கிறது. கிருமியை எதிர்க்கவும், மீதமுள்ள நரம்பைக் காக்கவும் சீனி அடங்கியிருக்க வேண்டும். (கருப்பட்டிக் காப்பிக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் இதில் தனிச் சலுகை கிடையாது.) ஆனால் கால் ஏற்கெனவே மரத்துப் போனவருக்கு எச்.பி.ஏ1சி 6.8 இருந்தாலும், பெருவிரலுக்கு அடியில் காய்ப்பு ஏறியிருந்தால் புண் வரத்தான் செய்யும். ரத்தப் பரிசோதனைச் சீட்டை வீட்டில் எல்லோரும் வாங்கிப் பார்க்கிறார்கள். உள்ளங்காலைத்தான் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

மரத்துப் போனது தெரியவே தெரியாது

"கால் எரியுது, ராத்திரி ஊசி குத்துற மாதிரி இருக்கு, அப்போ உணர்ச்சி இருக்குன்னுதானே அர்த்தம்?" இல்லை. எரிச்சல் நரம்பு கெட்டதன் அடையாளம். எரிச்சலும் மரப்பும் ஒரே காலில் ஒன்றாக இருக்கும். ஆணி குத்தியது தெரியாத காலிலேயே இரவு முழுக்க எரிச்சலும் இருக்கலாம்.

வீட்டிலேயே பார்க்க ஒரு முறை இருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரத்துப் பெயரால் அழைக்கப்படுவது. கருவி ஏதும் வேண்டாம். பெரியவரைப் படுக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல், ஆக ஆறு நுனிகள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் ஒவ்வொன்றையும் இறகு படுவது போல ஒன்று அல்லது இரண்டு நொடி தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, வருடக் கூடாது. தெரியவில்லை என்றால் அதே விரலை மறுபடி தொட்டுப் பார்க்கவும் கூடாது. பாசத்தில் நாம் செய்யும் பிழை அதுதான். தொட்டது தெரிந்ததும் வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால், அடிபடாமல் காக்கும் உணர்வு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரியில் இதையே 10 கிராம் நைலான் இழையால் பார்ப்பார்கள். மோனோஃபிலமென்ட் என்று பெயர். தோலில் வைத்து அழுத்தும்போது 10 கிராம் விசையில் வளையும்படி செய்த இழை அது. பெருவிரல், அதன் அடிமேடு, சுண்டுவிரல் அடிமேடு ஆகிய மூன்று இடங்களிலும் பார்க்க வேண்டும். காய்ப்பின் மேல் வைத்தால் யாருக்கும் தெரியாது, அது கணக்கில் வராது. 128 ஹெர்ட்ஸ் அதிர்வுக் கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள்.

போன உணர்வு பெரும்பாலும் திரும்பாது. எண்ணெய் தேய்த்தோ, வெந்நீரில் ஊறவைத்தோ, சூடான கிழி வைத்தோ வரவழைக்க முடியாது. மரத்த காலில் கிழியும் ஒத்தடமும் வைத்தால் வருவது கொப்புளம்தான். வெந்நீர் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. சூட்டைக் கையால் தொட்டுப் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். கால் மரத்தவருக்குப் பல நேரம் கைவிரலும் மரத்திருக்கும். பைக் சைலன்சர், என்ஜின் சூடு ஏறும் வண்டியின் தரை, மத்தியானக் கடற்கரை மணல் எல்லாம் இதே கணக்குதான். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்கு இன்னொன்று: மரத்த விரலை எலி கடித்துவிட்டுப் போயிருப்பது விடிந்த பிறகு ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் நம் நாட்டில் மருத்துவர்கள் பதிவு செய்து வைத்திருக்கிற விஷயம் இது. கட்டிலும் கொசுவலையும் இருந்தால் தப்பலாம்.

காய்ப்பு: புண் வரப்போகும் இடத்தின் விலாசம்

நரம்புக் கேடு உணர்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. பாதத்துக்குள் இருக்கும் சின்னத் தசைகள் மெலிந்து, விரல்கள் கொக்கி போல வளைகின்றன. வளைந்த விரல் தன் அடிமேட்டு எலும்பைக் கீழே தள்ளுகிறது. வியர்வை நரம்பும் போவதால் தோல் காய்ந்து வெடிக்கிறது. மூட்டுகள் இறுகுகின்றன. நிற்கும் எடை உள்ளங்கால் முழுக்கப் பரவாமல் இரண்டு மூன்று இடத்தில் குவிகிறது. தோல் அங்கே தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. அதுதான் காய்ப்பு, சிலர் சொல்லும் கால் ஆணி.

காய்ப்பு பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. மரத்த காலில் அது செருப்புக்குள் மாட்டிக்கொண்ட கல். காய்ப்பைச் சீவி எடுத்தால் அந்த இடத்து அழுத்தம் கால் பங்குக்கும் மேலே குறைகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். எடுக்காமல் விட்டால் ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கல் அடியிலுள்ள சதையை நசுக்கும். முதலில் உள்ளே ரத்தம் கசியும். மேலே இருந்து பார்த்தால் மஞ்சள் காய்ப்புக்குள் ஒரு கறுப்பு அல்லது கருஞ்சிவப்புப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளியைப் பார்த்த அன்றே நடையைக் குறைத்து, அந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மறுபடி வரும் புண்களைப் பற்றிய ஆய்வுகளில் மிகத் தெளிவாக வந்த முன்னறிகுறிகளில் ஒன்று, காய்ப்பு, கொப்புளம், உள் ரத்தக்கசிவு போன்ற இந்தச் சின்ன விஷயங்கள்தான்.

பிளேடால் சீவுவது, துவைகல்லில் குதிகாலை உரசுவது, கார்ன் கேப் ஒட்டுவது மூன்றும் வேண்டாம். பிளேடு ஆழம் போனால் சொல்ல அங்கே வலி இல்லை. கார்ன் கேப்பில் இருக்கும் சாலிசிலிக் அமிலத்துக்குக் காய்ப்பு எது, நல்ல தோல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பயிற்சி பெற்றவர் அறுவைக் கத்தியால் சீவினால் ஐந்து, பத்து நிமிட வேலை, மயக்க மருந்தும் தேவைப்படாது. ஒரு மாதத்திலேயே அதே தடிமனில் காய்ப்பு திரும்பி வந்தால், கத்தியைக் குறை சொல்ல வேண்டாம். செருப்பு வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

பித்தவெடிப்புக்கு யூரியா கலந்த களிம்பு, 10 முதல் 20 சதவீதம், குளித்துத் துடைத்த கையோடு போடுங்கள். நம்மூர் தேங்காய் எண்ணெயும் வறட்சிக்கு நல்லதுதான். ஆனால் எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் நடந்தால் வழுக்கும். எதுவானாலும் விரல் இடுக்கில் போகக் கூடாது.

வளைந்த விரலின் நுனியில் திரும்பத் திரும்பப் புண் வருகிறவருக்கு, விரலை மடக்கும் தசைநாரை ஊசியாலோ சிறு கத்தியாலோ வெட்டிவிடும் சின்னச் சிகிச்சை ஒன்று உண்டு. ரத்த ஓட்டம் சரியாக இருந்தால் படுக்கை போடாமலேயே செய்துவிடலாம். விரலை எடுத்துவிடுவதற்கு முன் இதைக் கேட்டுப் பாருங்கள். அதேபோல் முழங்காலை நீட்டி வைத்துப் பாதத்தை மேலே தூக்கினால் செங்கோணத்தைத் தாண்டி வரவில்லையா? கெண்டைக்கால் இறுகி முன்பாதத்தில் எடை ஏறுகிறது. குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாரைக் கொஞ்சம் நீட்டிவிடும் சிகிச்சை முன்பாதப் புண் திரும்புவதைக் குறைத்திருக்கிறது. அளவுக்கு மீறி நீட்டினால் குதிகாலில் புண் வரும், அந்தப் பேச்சையும் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

ஏற்கெனவே விரல் எடுத்தவர்களின் கதை தனி. பெருவிரல் போனால் அது தாங்கிய எடை பக்கத்து விரலுக்கும் அதன் அடிமேட்டுக்கும் போகிறது. அடுத்த புண் அங்கே. அந்த விரலும் போனால் மூன்றாவது. ஒரு விரலை எடுத்தவுடனேயே அந்தப் பாதத்துக்கு என்று வார்த்த உள்ளடியும் இடைவெளியை நிரப்பும் திண்டும் வைத்த செருப்பு தயாராகாவிட்டால் இந்த வரிசை நிற்காது. இன்னொன்றும் மறந்துபோகும்: வலது காலில் கட்டு இருந்த அத்தனை மாதமும் உடம்பைத் தாங்கியது இடது கால். அடுத்த புண் 'நல்ல' காலில் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

வீட்டுக்குள் போடாத செருப்பு

மரத்த காலுக்கு அழுத்தம்தான் எதிரி என்பதை உலகத்துக்குக் காட்டியதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1946-ல் வேலூர் சி.எம்.சி-க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி விழுவது நோயால் அல்ல, வலி தெரியாமல் திரும்பத் திரும்ப அடிபடுவதால்தான் என்று எடுத்துச் சொன்னார். நுண்துளை ரப்பர் எனும் எம்.சி.ஆர் செருப்பு நம்மிடம் பரவியதும் தொழுநோய் வார்டுகள் வழியாகத்தான். சர்க்கரைக் காலுக்கும் தர்க்கம் அதேதான்.

நெதர்லாந்தில் சிறப்புக் காலணி வாங்கியவர்களைக் கருவி பொருத்திக் கவனித்த ஆய்வு ஒன்று 2013-ல் வந்தது. வெளியே போகும்போது நடந்த அடிகளில் 87 சதவீதத்தைக் காலணியோடு நடந்தவர்கள், வீட்டுக்குள் 61 சதவீதத்தைத்தான் அப்படி நடந்தார்கள். ஆனால் அதிகம் நடந்தது வீட்டுக்குள்தான். ஷூவோடு வீட்டுக்குள் நடமாடும் நாட்டிலேயே இந்த நிலை. வாசலில் செருப்பைக் கழற்றிவிடும் நம் வீட்டில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அடுக்களைக்கும் கிணற்றடிக்கும் கழிப்பறைக்குமாக ஒரு நாளில் 40 தடவை, தடவைக்கு 50 அடி என்றாலே 2,000 அடி. கிரானைட்டிலும் டைல்ஸிலும் வெறுங்காலோடு. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய செருப்பு அந்நேரம் திண்ணையில் கிடக்கும்.

அதனால் இரண்டு ஜோடி வேண்டும்: வெளியே ஒன்று, வீட்டுக்குள் மட்டும் ஒன்று. வீட்டுச் செருப்பு தெரு மிதிக்காதது என்பதால் பெரியவர்களும் நாளடைவில் ஒத்துக்கொள்வார்கள். பூசை அறைக்கும் ஜெப அறைக்கும் வாசலிலேயே நாற்காலி போட்டுக்கொள்ளலாம். இரவில் எழுந்து போகும் ஜோடி கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், தடவித் தேடும்படி இருந்தால் போட மாட்டார்கள்.

செருப்பு எப்படி இருக்க வேண்டும் என்றால்: உள்நீளம் பாதத்தைவிட ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் அதிகம். அகலம், பாதத்தின் அகன்ற இடத்துக்குச் சமம். நின்றபடி அளக்க வேண்டும், அதுவும் சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில். மேலே மென்மையான எம்.சி.ஆர், கீழே ஆணி ஏறாத கெட்டி அடி. பின்பட்டை கட்டாயம். பட்டைகளை வெல்க்ரோவால் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். பெருவிரல் வளையம் வைத்ததும், விரல் இடுக்கில் வார் போகும் ரப்பர் செருப்பும் ஆகாது. இடுக்கில் உரசிப் புண்ணாக்கும். நழுவாமல் இருக்க விரல்கள் தாமாக இறுகிப் பிடித்து இன்னும் வளையும். மரத்த காலிலிருந்து அது கழன்று விழுந்தாலும் தெரியாமல் ஆள் பத்தடி நடந்திருப்பார். உள்ளே போடும் ஆணிகளோ முரட்டுத் தையலோ இருக்கக் கூடாது. ஒட்டியோ ஓரத்தில் தைத்தோதான் இருக்க வேண்டும்.

புதிய செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள். கழற்றியதும் பாருங்கள். எங்காவது சிவந்து, அரை மணி நேரம் ஆகியும் அது மறையவில்லை என்றால் அந்த இடத்தில் செருப்பைத் திருத்த வேண்டும். நேரத்தை நாளுக்கு நாள் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எம்.சி.ஆர் நசுங்கித் தட்டையானதும் அதன் ஆயுள் முடிந்தது. தினமும் போடுபவருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டிவரும். வார் நன்றாக இருக்கிறதே என்று வைத்துக்கொள்வதில் லாபம் இல்லை. போடுவதற்கு முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். கைவிரல் மரத்தவருக்கு வீட்டில் வேறு யாராவது தடவ வேண்டும்.

கோயில் குளம் போகாமல் இருக்க முடியுமா என்று கேட்பார்கள். சுசீந்திரத்தின் கல் தளமும், விவேகானந்தர் பாறையும் உச்சி வெயிலில் எப்படிச் சுடும் என்பது கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நல்ல கால் துள்ளிக் குதித்து ஓடும், மரத்த கால் நிதானமாக நடந்து வெந்துவிட்டு வரும். விடியற்காலையோ, வெயில் தாழ்ந்த பிறகோ போங்கள். தடித்த காலுறை சூட்டைக் கொஞ்சம் மறைக்கும், அழுத்தத்தை ஏறக்குறைய மறைக்காது. திரும்பி வந்ததும் வாசலிலேயே உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள். மகா சிவராத்திரிக்கு முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில்களுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலோடு போகும் சிவாலய ஓட்டம், ஒருமுறை புண் வந்த காலுக்கு இனி கிடையாது. வண்டியில் போய்ப் பன்னிரண்டு கோயிலையும் தரிசிக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகிறவர்களுக்கும் இதேதான் சொல்வேன்.

சம்மணம் போடுவதையும் கவனிக்க வேண்டும். தோவாளையில் பூக்கட்டுவது போல மணிக்கணக்கில் தரையில் உட்காரும் வேலை என்றால், கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு தரையில் அழுந்திக் காய்ப்பு ஏறும், நாளடைவில் புண்ணாகும். தொழுகையில் மண்டியிடுபவருக்குப் புறங்காலில் அதே காய்ப்பு வரும். உள்ளங்காலை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தினால் இவை தப்பிவிடும்.

மழையும் கடலும்

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம் கன்னியாகுமரி. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை காலில் ஈரம் காயாத ஆட்கள் உண்டு. விடிவதற்கு முன்பே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் கம்பூட்ஸ் போட்டால் உள்ளே வியர்வை, போடாவிட்டால் முள்ளும் ஈர இலையும். விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்து தோல் வெளுத்து ஊறினால் அந்த வெடிப்பு வழியாகத்தான் கிருமி உள்ளே போகிறது. அது சொறியத் தோன்றும் சின்ன உபத்திரவம் அல்ல. பூஞ்சைக்கு உரிய களிம்பைத் தோல் சரியான பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை போட வேண்டும். பருத்திக் காலுறை இரண்டு ஜோடி கையில் இருக்கட்டும், நனைந்ததும் மாற்றிக்கொள்ள. ஒவ்வொரு இடுக்கையும் தனித்தனியாகத் துணி விட்டு ஒற்றி எடுங்கள். ஈரச் செருப்பை மறுநாள் அப்படியே போடாமல் மாற்று ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை ஊர்களில் "உப்புத் தண்ணி பட்டா புண்ணு ஆறும்" என்ற நம்பிக்கை பலமாக இருக்கிறது. சர்க்கரைப் புண்ணுக்கு இது ஆபத்து. வெதுவெதுப்பான கடல் நீரிலும், மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் போன்ற பொழிமுகங்களில் இருப்பது போன்ற கலங்கல் உவர் நீரிலும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி வாழக்கூடும். திறந்த புண் வழியாக நுழைந்தால் மணிக்கணக்கில் சதையை அழிக்கும். கல்லீரல் கெட்டவர்களுக்கு இன்னும் மோசம். வள்ளத்தில் போகிறவர்கள் புண் மூடும்வரை கரையில்தான் இருக்க வேண்டும். கடல் தண்ணீர் பட்ட பிறகு கால் சிவந்து கொப்புளம் கண்டால் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத மூன்று

ரத்த ஓட்டம். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9-க்குக் கீழே இருந்தால் காலுக்கான குழாயில் அடைப்பு. 1.3-க்கு மேலே இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். சர்க்கரைக்காரரின் குழாய் சுண்ணாம்பு படிந்து இறுகியதால் எண் பொய் சொல்கிறது. அப்போது பெருவிரல் அழுத்தத்தை அளக்க வேண்டும். அது 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால் புண் ஆறுவது கஷ்டம். நடந்தால் கெண்டைக்கால் வலிப்பது அடைப்பின் அடையாளம் என்பார்கள், நரம்பு மரத்தவருக்கு அந்த வலியும் வராமல் போகலாம். பலூன் வைத்துத் திறந்த குழாய் மறுபடி சுருங்குவது சகஜம். ஆறிய காலில் ஆறு மாதம் கழித்துப் புண் திறந்தால் குழாயை மறுபடி பார்க்க வேண்டும். பீடி, சிகரெட் நிற்காமல் இதில் எதுவும் நிலைக்காது.

எலும்பு. ஒரே இடத்தில் மூடுவதும் திறப்பதுமாக இருக்கும் புண்ணுக்கு அடியில் எலும்பில் கிருமி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு விரல் மட்டும் சிவந்து கொழுத்து உருண்டிருப்பதும் அதற்கு ஓர் அடையாளம். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் படம் சுத்தமாக இருந்ததை வைத்துக்கொண்டு நிம்மதி அடைய முடியாது. எலும்பை எடுக்காமல் மருந்திலேயே பார்த்தால் ஆன்டிபயாடிக் வழக்கமாக ஆறு வாரம். இரண்டாவது வாரம் புண் காய்ந்துவிட்டது என்று நிறுத்துவது, திரும்பி வரும் புண்ணுக்கு நாமே தேதி குறித்துக் கொடுப்பது.

மூன்றாவது சார்கோட் பாதம். புண்ணே இல்லாமல் ஒரு கால் திடீரென்று வீங்கிச் சிவந்து சூடாகும், வலி பேருக்குத்தான் இருக்கும். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும். சுளுக்கு என்று நினைத்து வர்ம ஆசானிடம் தடவப் போனாலும், பரவாயில்லை என்று நடந்தாலும் பாதம் படகு கவிழ்ந்த மாதிரி அடிப்பக்கம் பிதுங்கிவிடும். பிறகு அந்தப் பிதுக்கத்தில் ஆயுசுக்கும் புண். சூடான, வீங்கிய, மரத்த கால் எதுவானாலும் அன்றைக்கே எடையை எடுத்துவிட்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

டயாலிசிஸில் இருப்பவர்கள், பார்வை மங்கியவர்கள், பிள்ளைகள் வளைகுடாவிலோ கேரளாவிலோ இருக்கத் தனியாக வசிப்பவர்கள், மனச்சோர்வில் இருப்பவர்கள்: இவர்களுக்கு எல்லாமே ஒரு படி கூடுதல். குனிந்து பார்க்க முடியாதவருக்குக் கண்ணாடியைவிட செல்போன் நல்லது. வாரம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் இரண்டு உள்ளங்காலையும் படமெடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பச் சொல்லுங்கள். போன வாரப் படத்தோடு ஒப்பிட்டாலே பாதி தெரிந்துவிடும்.

புண் வருவதற்கு முன் அந்த இடம் சூடாகும் என்பதை வைத்தும் ஒரு காவல் வைக்கலாம். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி பல வீட்டில் கிடக்கும். உடல் அளவில் வைத்தால் பாதத்துக்கு அது பெரும்பாலும் 'லோ' என்றுதான் காட்டும், பொருளின் மேற்பரப்பை அளக்கும் நிலைக்கு மாற்ற வேண்டும். காலையில் எழுந்து நடக்கும் முன், போர்வையை விலக்கிப் பத்து நிமிடம் கழித்து அளந்து பாருங்கள்: பெருவிரல், முதல், மூன்றாம், ஐந்தாம் விரல்களின் அடிமேடு, நடுப்பாதம், குதிகால். வலதையும் இடதையும் ஒரே இடத்தில் ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் 4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதிகமாக இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால் நடையைப் பாதியாகக் குறைத்து மருத்துவரைப் பாருங்கள். ஒரு காலில் ரத்த ஓட்டம் மோசமாகவோ விரல் இல்லாமலோ இருந்தால் இந்த ஒப்பீடு முழுதாக நம்பக்கூடியது அல்ல.

'வருடம் ஒருமுறை கால் பரிசோதனை' என்று சுவரொட்டிகளில் பார்த்திருப்பீர்கள். அது உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் சரியாக இருப்பவருக்கு. ஒருமுறை புண் வந்தவரோ, விரல் எடுத்தவரோ, சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தவரோ, மரப்போ அடைப்போ கூட இருந்தால் சர்வதேச வழிகாட்டலின்படி ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கப்பட வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருவது பெரிய உதவி. ஆனால் மாத்திரை வீட்டுக்கு வருகிறது என்பதால் கால் ஆஸ்பத்திரிக்குப் போகாமலே இருந்துவிடக் கூடாது. புண்ணைச் சுற்றிய சிவப்பு 2 சென்டிமீட்டரைத் தாண்டுவது, நாற்றம், கறுப்பது, காய்ச்சல், காரணமே இல்லாமல் சீனி ஏறுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தேதி பார்க்காமல் அன்றே போக வேண்டும். வலிக்கவில்லை என்பது இங்கே ஆறுதல் அல்ல.

பரிசோதனைக்குப் போகும்போது புதுச் செருப்போடு போகாதீர்கள். தினமும் போட்டுத் தேய்ந்த பழைய ஜோடியை, வீட்டுக்குள் போடுவதையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்துப் போங்கள். உள்ளடியில் எந்த இடம் குழிந்து கறுத்திருக்கிறதோ, அந்த இடத்துக்கு நேரே உள்ளங்காலில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.